ராத்திரி முழுக்க ஓடியும் வராத பீக்

மூலக்கூறைக் காந்தத்தில் வைத்து அதன் கார்பன்களைப் பீக்குகளாகக் காட்டும் கார்பன்-13 என்எம்ஆரில், 16384 ஸ்கேன் போட்டும் அந்த ஒரு கார்பன் வரவில்லை. காலையில் ஸ்பெக்ட்ரத்தைத் திறந்தால் மற்ற பீக்கெல்லாம் நெட்டு நெட்டாக நிற்கின்றன, கார்பனைல் (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன்) வரவேண்டிய 170 பிபிஎம் பக்கம் மட்டும் வெறும் புல்தரை, அதாவது இரைச்சல். பிபிஎம் என்பது ஸ்பெக்ட்ரத்தின் கிடைமட்ட அளவுகோல்.

கார்பன்-13 என்எம்ஆர் எடுத்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும். இயற்கையில் உள்ள கார்பனில் 1.1 சதவீதம்தான் கார்பன்-13, அது சுழலும் அதிர்வெண்ணும் புரோட்டானில் (ஹைட்ரஜன் கரு) கால்வாசி, அதனால் சிக்னல் பலவீனம். அந்தப் புரோட்டானே பெரிய பலசாலி இல்லை. 9.4 டெஸ்லா காந்தத்தில், அறை வெப்பநிலையில், ஒரு லட்சம் புரோட்டான்களை எடுத்தால் காந்தப்புலத்தோடு நிற்பவை, எதிராக நிற்பவை என்ற இரண்டு நிலைகளுக்கும் இடையே தலை எண்ணிக்கையில் வித்தியாசம் சுமார் மூன்று. மற்றதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

அதனால்தான் திரும்பத் திரும்ப ரேடியோ அலைப் பல்ஸ் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு வந்து மெல்ல மங்குகிற சிக்னலை, அதாவது எஃப்ஐடியை, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுகிறோம். சிக்னல் ஸ்கேன் எண்ணிக்கை அளவுக்கு ஏறும், இரைச்சல் அதன் வர்க்கமூலம் அளவுக்குத்தான் ஏறும். கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குப் போட்டால்தான் வலிக்கும்: ஸ்கேனுக்கு 3 விநாடி வைத்தால் 1024 ஸ்கேனுக்கு 51 நிமிடம், அதைவிட நாலு மடங்கு தெளிவுக்கு 16384 ஸ்கேன், பதிமூன்றரை மணி நேரத்துக்கும் மேல். இன்னொரு நாலு மடங்கு வேண்டுமா? ஒன்பது நாள். (அதற்குள் மெஷினுக்கு வரிசையில் நிற்பவர்கள் என்னை உயிரோடு விட மாட்டார்கள்.)

ஒன்பது நாள் இல்லையே என்று மென்பொருளில் இருந்த இரைச்சல் நீக்கும் பொத்தானை அழுத்தினேன். பேஸ்லைன் கண்ணாடி மாதிரி ஆனது, பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் கார்பனைல் அப்போதும் இல்லை. அதை நம்பியிருந்தால் அந்த மூலக்கூறில் கார்பனைலே கிடையாது என்று எழுதியிருப்பேன்.

லேபில் சீனியர் அக்கா ஒருவர் எட்டிப் பார்த்து, “பல்ஸ் எவ்வளவு டிகிரி வச்சிருக்க?” என்றார். தொண்ணூறு என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம்தான் உறைத்தது. பல்ஸ் அணுக்கருக்களின் காந்தத்தை எவ்வளவு சாய்க்கிறது என்பதுதான் அந்த டிகிரி. ஹைட்ரஜன் ஒட்டாத கார்பன் மறுபடி பழைய நிலைக்கு வர ரொம்ப நேரம் எடுக்கும். அந்த டி1 நேரம் 40 விநாடி என்று வைத்துக்கொண்டால், 3 விநாடிக்கு ஒரு தடவை 90 டிகிரி அடித்தால் அதனிடமிருந்து கிடைப்பது முழு சிக்னலில் 7 சதவீதம்தான். அது எழுந்து உட்காருவதற்குள் திரும்பத் தள்ளிவிடுகிறேன், ராத்திரி முழுக்க, 16384 தடவை! அதே 3 விநாடியில் 30 டிகிரி கொடுத்தால் 18 சதவீதம் கிடைக்கும். இரண்டரை மடங்கு என்பது வர்க்கமூலக் கணக்கில் ஆறு மடங்கு நேரத்துக்குச் சமம். இப்படி டி1-க்கும் இடைவெளிக்கும் ஏற்ப அதிகபட்ச சிக்னல் தரும் கோணத்துக்கு எர்ன்ஸ்ட் கோணம் என்றே பெயர் இருக்கிறது (இந்தக் கணக்கில் அது சுமார் 22 டிகிரி, 30 அதற்குப் பக்கம்). 1966இல் ஆண்டர்சனோடு சேர்ந்து பல்ஸ் முறையைக் கொண்டுவந்து, 1991இல் வேதியியல் நோபல் வாங்கிய ரிச்சர்ட் எர்ன்ஸ்ட்தான். பரீட்சைக்கு இதைப் படித்து எழுதியவன் நான்.

குரோமியம் அசிட்டைல்அசிட்டோனேட் ஒரு சிட்டிகை போட்டால் டி1 குறைந்துவிடும், ஆனால் சாம்பிள் எனக்குத் திரும்ப வேண்டும். அதனால் பல்ஸை மட்டும் 30 ஆக்கி, 8192 ஸ்கேனாக இரண்டு தனித்தனி கோப்பில் ஓடவிட்டேன். எஃப்ஐடியில் சிக்னல் முன்பகுதியில்தான் உயிரோடு இருக்கிறது, வாலில் இருப்பது இரைச்சல். அந்த வாலை அமுக்க, போகப்போகத் தேய்கிற ஒரு வளைவால் (3 ஹெர்ட்ஸ் எக்ஸ்பொனென்ஷியல்) பெருக்கினேன். பீக் கொஞ்சம் தடித்தது, பரவாயில்லை.

171.2இல் ஒரு சின்ன முளை. கோப்பு இரண்டையும் தனித்தனியாகத் திறந்தேன், இரண்டிலும் அதே இடத்தில் இருந்தது. 168 பக்கம் இன்னொன்று தெரிந்தது, அது முதல் கோப்பில் மட்டும். அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை.