ஜியாலஜி படித்தால் எங்கே போகலாம்? யு.பி.எஸ்.சி ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு எழுதியவனின் அனுபவம்

"அண்ணா, பி.எஸ்சி ஜியாலஜி (நிலவியல்) சேர்ந்துவிட்டேன், வேலை கிடைக்குமா?" என்று ஜூனியர்கள் கேட்கும்போதெல்லாம், எம்.எஸ்சி முடிக்கிற எண்ணம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். இந்தப் படிப்பில் பி.எஸ்சியோடு நின்றுவிட்டால் வாய்ப்பு மிகக் குறைவு. ஜி.எஸ்.ஐ என்கிற இந்திய நிலவியல் ஆய்வுத் துறை, மத்திய நிலத்தடி நீர் வாரியம், ஓ.என்.ஜி.சி, மாநில கனிமவளத் துறை என்று எங்கே போனாலும் ஜியாலஜிஸ்ட் பணிக்கு முதுகலைப் பட்டம் கேட்கிறார்கள். பி.எட் முடித்துப் பள்ளி ஆசிரியராகலாம் என்றால் நம் மாநிலப் பள்ளிகளில் ஜியாலஜி தனிப் பாடமாக இல்லை. அதனால் இது ஐந்து வருடப் படிப்பு என்று நினைத்துக்கொண்டே சேருங்கள், வீட்டிலும் அதைச் சொல்லி வையுங்கள்.

எம்.எஸ்சிக்கு ஐ.ஐ.டி போக வேண்டுமென்றால் ஜாம் என்கிற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். பம்பாய், கரக்பூர், ரூர்க்கி, தன்பாத் எல்லாம் இதன் வழியாகத்தான். இடம் கிடைக்காவிட்டால் உடைந்து போகாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம் என்று இங்கேயே நல்ல துறைகள் இருக்கின்றன. 1951இல் ஜி.எஸ்.ஐயின் முதல் இந்திய இயக்குநராக வந்த எம்.எஸ். கிருஷ்ணன் தஞ்சைப் பக்கத்துக்காரர், படித்தது சென்னை பிரசிடென்சி கல்லூரியில்.

சரி, தேர்வுக்கு வருகிறேன். யு.பி.எஸ்.சி நடத்தும் கம்பைண்டு ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வுதான் நம் படிப்புக்கு இருக்கும் பெரிய வாசல். ஜி.எஸ்.ஐயில் ஜியாலஜிஸ்ட், நிலத்தடி நீர் வாரியத்தில் ஹைட்ரோஜியாலஜி (நிலத்தடி நீரியல்) விஞ்ஞானி, இரண்டுக்கும் இதே தேர்வு. 2020 முதல் மூன்று கட்டமாக நடக்கிறது. பிரிலிம்ஸில் பொது அறிவுக்கு 100, பாடத்துக்கு 300. மெயின்ஸில் 200 மதிப்பெண் வீதம் மூன்று தாள்கள். நேர்முகத் தேர்வுக்கு 200. ஆக மொத்தம் 1200. பலர் கவனிக்காமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு: சிவில் சர்வீஸ் தேர்வில் பிரிலிம்ஸ் மதிப்பெண் தகுதிக்கு மட்டும்தான், இங்கே அது கடைசித் தரவரிசையிலும் சேரும். கட் ஆஃப் தாண்டினால் போதும் என்று படித்தால் மெயின்ஸில் அந்த இடைவெளியை நிரப்பவே மூச்சு முட்டும். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள், அதனால் தெரியாத கேள்வியில் கை வைக்காதீர்கள். பாடத் தாளை இரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்பதால், முந்தைய வருட வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்ப்பது அவசியம். கனிமவியல், பாறைக் கட்டமைப்பு, ஸ்ட்ராட்டிகிராபி (பாறை அடுக்குகளின் வரிசை) இந்த மூன்றிலும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தைச் சுற்றி வருவது அப்போதுதான் தெரியும்.

மெயின்ஸ் முழுக்க விரிவான விடைகள், அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், நீங்கள் பயப்படுகிற அளவுக்கு அது தடை இல்லை, ஏனென்றால் இந்தத் தேர்வில் படம்தான் பாதி விடை. மடிப்பு, பிளவு, வண்டல் அடுக்கு, தாது படிந்த விதம், எதைக் கேட்டாலும் முதலில் பெயர் குறித்த படத்தைப் போட்டுவிட்டு, அதைச் சுற்றி சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினால் போதும். தினமும் ஒரே ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் எழுதி யாரிடமாவது காட்டுங்கள். இலக்கணப் பிழைக்காக யாரும் தள்ளிவிடுவதில்லை. படம் இல்லாமல் மூன்று பக்கம் எழுதியவர்கள் திணறியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

எப்படி எழுதுவது என்பதற்கு சார்னோக்கைட் என்கிற பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்கள் தினமும் கடந்து போகும் பரங்கிமலை, பல்லாவரம் பாறை அது. பிரிட்டிஷ் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதை விவரித்தபோது மாக்மா என்கிற பாறைக் குழம்பிலிருந்து உருவான பாறை என்றுதான் கருதினார். பின்னால் வந்தவர்கள் கிரானுலைட் நிலை உருமாற்றத்தில், அதாவது ஆழத்தில் மிக அதிக வெப்பத்தில் பழைய பாறை மாறும்போது, உருவாவதைக் காட்டினார்கள். கர்நாடகாவில் கப்பல்துர்கா குவாரியில் சாதாரண நைஸ் பாறைக்குள்ளேயே திட்டுத் திட்டாக, பாதியில் நின்றுபோன சார்னோக்கைட்டைப் பார்க்கலாம், கார்பன் டை ஆக்ஸைடு நிறைந்த திரவம் ஊடுருவி அங்கேயே மாறியது என்ற விளக்கம் அந்தக் குவாரியை வைத்து வலுப்பெற்றது. விடையில் இடம், கனிமத் தொகுப்பு (குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன்), இரண்டு தரப்பு வாதம், ஒரு களச் சான்று என்று வரிசையாக வந்துவிட்டால் அதற்கு மேல் பரீட்சகர் என்ன கேட்கப் போகிறார்?

களத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இருக்கும் வசதி நாட்டில் பலருக்கு இல்லை, அதை நாம் பயன்படுத்திக்கொள்வதே இல்லை என்பது என் வருத்தம். அரியலூர், பெரம்பலூர் பக்கம் ஒரு சுற்று வாருங்கள். காரை களிமண் பள்ளத்தாக்கில் டைனோசர் காலமான கிரெட்டேஷியஸ் காலத்துக் கடலின் அம்மோனைட்டுகள் (சுருள் ஓட்டுப் புதைபடிவங்கள்), சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம், கருடமங்கலத்தில் சிப்பி நிறைந்த சுண்ணாம்புக்கல், கல்லங்குறிச்சியில் சிமென்டுக்காக வெட்டும் குவாரிச் சுவரில் கிரைபியா சிப்பிகள், கல்லமேட்டில் டைனோசர் எலும்பு கிடைத்த மணற்கல். உத்தட்டூர், திருச்சி, அரியலூர், நிணியூர் என்று புத்தகத்தில் மனப்பாடம் செய்கிற பாறைத் தொகுதிகளின் வரிசை அங்கே மேற்கிலிருந்து கிழக்காக நடக்க நடக்க இளையதாகிக்கொண்டே போகும். தொல்லுயிரியல், வண்டலியல், ஸ்ட்ராட்டிகிராபி, பொருளாதார ஜியாலஜி நான்குக்கும் ஒரே பயணத்தில் குறிப்பு கிடைத்துவிடும். சேலம் பக்கம் போனால் மாக்னசைட்டும் கஞ்சமலை இரும்புத்தாதும், நாமக்கல் அருகே சித்தம்பூண்டியில் அனார்த்தசைட் என்கிற பாறையும் இருக்கின்றன. அனார்த்தசைட் நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால், சந்திரயான்-2 சோதனைக்கான செயற்கை நிலா மண்ணை இஸ்ரோ அந்தப் பாறையிலிருந்துதான் தயாரித்தது. நேர்முகத் தேர்வில் சொந்த ஊரைச் சொன்னதும் அந்த ஊர்ப் பாறையைக் கேட்பார்கள், என்னையும் கேட்டார்கள்.

நேர்முகத்துக்கு நடப்புச் செய்தியும் தேவை. 2023 பிப்ரவரியில் ஜம்மு காஷ்மீர் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியம் தாது என்று அறிவித்தபோது, அது ஜி3 நிலை மதிப்பீடு, அதாவது ஊகித்த வளம்தான், தோண்டி எடுக்கத் தயாரான இருப்பு கிடையாது என்பதை ஜியாலஜிஸ்டாகப் போகிறவர் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், எல்லோருக்கும் யு.பி.எஸ்.சி அமையாது, அமைய வேண்டிய கட்டாயமும் இல்லை. கேட் என்கிற தேசியத் தேர்வின் ஜியாலஜி தாளை இளங்கலை மூன்றாம் வருடத்திலேயே எழுதலாம், மதிப்பெண் 3 வருடம் செல்லும், பொதுத்துறை நிறுவனங்கள் சில அதை வைத்து ஆள் எடுத்திருக்கின்றன. டி.என்.பி.எஸ்.சியில் உதவி ஜியாலஜிஸ்ட் பணி கனிமவளத் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் வரும், ஆனால் அறிவிப்பு ஒவ்வொரு வருடமும் வராது, அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

என்னோடு படித்தவர்கள் போன வழிகளைப் பாருங்கள். ஒருவர் எண்ணெய்க் கிணறுகளில் மட் லாகராகச் சேர்ந்தார், துளையிடும்போது மேலே வரும் பாறைத் துகள்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வாயு அளவைக் குறித்துக்கொண்டே இருக்கும் வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். உடம்பு தாங்கினால் அங்கிருந்து கிணற்றுத் தளத்தின் ஜியாலஜி வேலைக்குப் பொறுப்பான வெல்சைட் ஜியாலஜிஸ்டாக உயரலாம். இன்னொருவர் கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிகளில் வேலை பார்த்தார், ஐந்து வருட மேற்பார்வை அனுபவம் சேர்ந்ததும் சுரங்கத் திட்டம் தயாரிக்கும் தகுதி கிடைத்து இப்போது சொந்த அலுவலகம் வைத்திருக்கிறார். எம்.எஸ்சி ஜியாலஜிக்கு விதியே கொடுக்கும் உரிமை அது, நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. நிலத்தின் மின்தடையை அளக்கும் ரெசிஸ்டிவிட்டி மீட்டரோடு ஊர் ஊராகப் போய் போர்வெல்லுக்கு இடம் பார்த்துக் கொடுக்கும் நண்பரும் இருக்கிறார். விவசாயிக்கு ஒரு கிணறு பொய்த்தால் எத்தனை வருடக் கடன் என்று அவருக்குத் தெரியும், தண்ணீர் இல்லை என்று தோன்றினால் போடாதீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். நான் அதிகம் மதிக்கிற வேலை அவருடையதுதான். ஜி.ஐ.எஸ் (கணினி வரைபடத் தொழில்நுட்பம்) பக்கம் போக நினைத்தால் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், டேராடூன் ஐ.ஐ.ஆர்.எஸ் (இந்தியத் தொலையுணர்வு நிறுவனம்) நடத்தும் இணைய வகுப்புகளும் இலவசம், எம்.எஸ்சி விடுமுறையிலேயே கற்றுக்கொள்ளலாம்.

பெண் பிள்ளைகளை ஃபீல்டு வொர்க்குக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர்களிடம் ஒரு பெயரைச் சொல்லுங்கள். 1983இல் அண்டார்டிகாவுக்குப் போன முதல் இந்தியப் பெண்கள் இருவரில் சுதீப்தா சென்குப்தா ஒரு ஜியாலஜிஸ்ட், ஜி.எஸ்.ஐயிலும் வேலை பார்த்தவர். முகாமில் கூடாரம், கழிப்பறை, துணைக்கு ஆள் எல்லாம் எப்படி இருக்கும் என்ற பெற்றோருடைய கவலை நியாயமானது, அதற்கு ஏற்கனவே களத்தில் இருக்கும் சீனியர் அக்கா யாரையாவது வீட்டில் பேசவைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

விண்ணப்பம் பற்றி: யு.பி.எஸ்.சி அறிவிப்பு வழக்கமாக செப்டம்பரில் வரும், பிரிலிம்ஸ் பிப்ரவரியில், மெயின்ஸ் ஜூனில். எம்.எஸ்சி கடைசி வருடத்தில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், பட்டம் முடித்ததற்கான சான்றைப் பிறகு காட்ட வேண்டும். வயது 21 முதல் 32 வரை, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. ஹைட்ரோஜியாலஜி பணிக்கும் சேர்த்து டிக் செய்யுங்கள், மெயின்ஸில் முதல் இரண்டு தாள் பொதுவானவை, கூடுதலாக ஒரு தாள்தான். ஓ.பி.சி சான்றிதழ் வாங்கும்போது மத்திய அரசுப் படிவத்தில் கேட்டு வாங்குங்கள், மாநிலச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. அறிவிப்பு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு அலையாமல் ஜூலையிலேயே அதற்கு மனுப் போட்டுவிடுங்கள்.