போஜாக் ஹார்ஸ்மேன் - பிடிக்கும், ஆனா கோவமும் வருது

ரெண்டாவது தடவையா முழுசா பாத்து முடிச்சேன். 2014ல நெட்ஃப்ளிக்ஸ்ல ஆரம்பிச்சு 2020 ஜனவரில முடிஞ்ச அனிமேஷன் காமெடி, ஆறு சீசன். தொண்ணூறுகள்ல டிவில பெரிய ஸ்டாரா இருந்த ஒரு குதிரை, இப்ப மலை மேல வீட்ல குடிச்சுட்டு கெடக்குறான், அவ்ளோதான் கதை.

நாலாவது சீசன்ல ஆறாவது எபிசோட் இருக்கு பாருங்க, காலைல கண்ணு முழிச்சதுல இருந்து அவன் மண்டைக்குள்ள ஒரு குரல் அவனையே திட்டிட்டே இருக்கும், பிஸ்கட் சாப்பிட்டா அதுக்கும் திட்டு. கடைசில அவன் வீட்ல தங்கியிருக்குற ஹாலிஹாக்னு ஒரு சின்னப் பொண்ணு, தனக்கும் இப்படி ஒரு குரல் கேக்குது, இது வயசானா போயிடும்லனு கேப்பா. இவன் ஆமான்னு பொய் சொல்லுவான். நான் படுக்கைய விட்டு எந்திரிக்க முடியாம இருந்த வருஷம் எல்லாரும் சோம்பேறித்தனம்னாங்க, எனக்கும் விளக்கத் தெரியல, இந்த எபிசோட போட்டுக் காட்டித்தான் தங்கச்சிகிட்ட எனக்கு இப்படித்தான்டி இருக்குன்னு சொன்னேன். அந்தக் கடன் இந்த சீரியலுக்கு எப்பவும் உண்டு.

ஆனா சாரா லின் விஷயம். அவனோட பழைய டிவி ஷோல குழந்தையா நடிச்சவ. அவ மூச்சு பேச்சு இல்லாம கெடக்கும்போது இவன் தன்னைக் காப்பாத்திக்க 17 நிமிஷம் கழிச்சுதான் ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணான்னு கடைசி சீசன்ல தெரிய வரும். அதுக்கப்புறமும் எனக்கு அவன் மேலதான் பாவமா இருந்துச்சு, அது எனக்கே பயமா இருந்துச்சு. தப்ப தப்புன்னு சீரியல் சொல்லாம இல்ல, சொல்லுது, ஆனா இத்தன மணி நேரம் அவன் சோகத்துக்குள்ளயே நம்மள உக்கார வச்சுட்டு அப்பறமா சொன்னா மனசு கேக்க மாட்டேங்குது. அந்த வருஷம் நானும் வீட்ல எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுந்தேன், என் நிலைமை அப்படின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், அதுக்கு போஜாக் நல்ல துணையா இருந்தான்.

இந்தத் தடவ எனக்கு டயான்தான் பெருசா தெரிஞ்சா, போஜாக்கோட வாழ்க்கைக் கதைய எழுத வந்து தோழியான எழுத்தாளர். டிப்ரஷனுக்கு மாத்திரை எடுத்துக்குறா, உடம்பு போடுது, அத ஒரு காமெடியாவும் ஆக்காம சோகமாவும் ஆக்காம அப்படியே விட்டுருக்காங்க. தான் பட்டதையெல்லாம் ஒரு நல்ல புத்தகமா எழுதலன்னா அத்தனையும் வீணாப் போச்சேன்னு தவிப்பா, அது வராது, கடைசில வர்றது ஒரு மால்ல துப்பறியுற சின்னப் பொண்ணு கதை. அங்க அழுதுட்டேன்.

தங்கச்சி இப்ப மொதல்ல இருந்து பாக்குறா, மூணாவது சீசன் வந்துட்டா. சாரா லினுக்கு அப்படி ஆகுற பதினொண்ணாவது எபிசோட தனியா பாக்காத, நான் வந்துடுறேன்னு சொல்லி வச்சிருக்கேன்.