காலத்தோடு வம்பு

ஜூன் 26

சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்ற நாற்காலி மேல் ஏறினேன். ஏறி நின்ற நேரத்தில், தரையில் நின்றிருந்தால் ஆகியிருக்கும் வயதைவிட எனக்குச் சற்றுக் கூடுதலாக வயதாகிவிட்டது. விளையாட்டாகச் சொல்லவில்லை. 2010இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் இரண்டு அணுக் கடிகாரங்களில் ஒன்றை மட்டும் 33 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்துப் பார்த்தார்கள். உயரத்தில் இருந்தது வேகமாக ஓடியது. ஈர்ப்பிலிருந்து விலக விலகக் காலம் விரையும் என்று ஐன்ஸ்டைன் காகிதத்தில் போட்ட கணக்கை ஓர் அடி உயரத்திலேயே பிடித்துவிட்டார்கள்.

ஆக, நம் தலைக்கும் காலுக்கும் ஒரே வயதில்லை. தலைதான் மூத்தது. முடி நரைப்பதற்குக் கௌரவமான காரணம் ஒன்று கிடைத்ததே என்று மகிழ்ந்து மேலே படித்தேன். ஓர் அடி வித்தியாசத்துக்கு 79 ஆண்டு ஆயுளில் சேரும் உபரி, ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் 90 பங்குதானாம். அதை வைத்துக்கொண்டு ஒற்றை முடியைக்கூட நரைக்க வைக்க முடியாது.

செயற்கைக்கோள் விவகாரம் அவ்வளவு சில்லறை அல்ல. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் உயரத்தால் நாளுக்கு 45 மைக்ரோநொடி முந்துகின்றன. வேகத்தால் 7 மைக்ரோநொடி பிந்துகின்றன. வரவு செலவு போக 38 மிச்சம். இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் இடக் கணக்கு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிசகிவிடும். ஐன்ஸ்டைனின் இந்தச் சார்பியல் கோட்பாட்டால் என்ன பயன் என்று கேட்பவர்களை, அதைக் கழற்றிவிட்ட ஒரு கைபேசியைக் கொடுத்து அறியாத ஊரில் முகவரி தேட அனுப்ப வேண்டும்.

ஜூன் 28

2009இல் இதே நாளில் ஸ்டீபன் ஹாக்கிங் கேம்பிரிட்ஜில் ஒரு விருந்து வைத்தார். ஷாம்பெயின், பலூன், காலப் பயணிகளை வரவேற்கும் பதாகை எல்லாம் தயார். அழைப்பை மட்டும் விருந்து முடிந்த பிறகே வெளியிட்டார். பின்னொரு காலத்தில் யாராவது அதைப் படித்துவிட்டு முன்னாளுக்கு வரட்டும் என்பது ஏற்பாடு. ஈ காக்கை வரவில்லை. காலப் பயணம் நடக்காது என்பதற்கு இதுவே சோதனைச் சான்று என்று பாதி கேலியாகச் சொல்லிக்கொண்டார்.

எனக்கு வேறு சந்தேகம். வருபவர் நாளை மட்டும் சரியாகப் பிடித்தால் போதுமா? பூமி நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. சூரியனோ நொடிக்கு 220 கி.மீ.க்கும் குறையாத வேகத்தில் பால்வழி மண்டலத்தின் மையத்தைச் சுற்றுகிறது. ஒரே ஒரு நிமிடம் பின்னால் போனாலும் ஊர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும். எதிலிருந்து தள்ளி என்று கேட்டால் அங்கேதான் வம்பு: இதுதான் அசையாத இடம் என்று முளை அடித்து வைக்க வெளியில் ஒரு புள்ளியும் கிடையாது. பாவம், நூறு பேர் கிளம்பி வந்து வெற்றிடத்தில் மிதந்துகொண்டிருந்தாலும் ஹாக்கிங்குக்குத் தெரிந்திருக்காது.

ஜூன் 30

1972இல் இதே ஜூன் 30 முடியும்போது 23:59:59க்குப் பிறகு 23:59:60 என்று ஒரு நொடி வந்தது. அதற்குப் பிறகுதான் ஜூலை பிறந்தது. அணுக் கடிகாரத்தைப் பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக வைக்கச் செருகும் லீப் நொடிகளில் முதலாவது அதுதான். இதுவரை 27 நொடிகளைச் செருகியிருக்கிறார்கள். கடைசியாகச் செருகியது 2016 டிசம்பர் 31.

எல்லாம் இரண்டு எஜமானர்களால் வந்த வினை. 1967 முதல் ஒரு நொடி என்பது சீசியம் அணுவின் குறிப்பிட்ட கதிர்வீச்சு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிரும் நேரம். அணு இம்மியும் பிசகாது. பூமி அப்படி இல்லை. நிலவு எழுப்பும் ஓதங்களின் உராய்வால் அதன் சுழற்சி நூற்றாண்டுக் கணக்கில் மெல்லத் தளர்கிறது. நடுவில் சில ஆண்டுகள் திடீரென்று சுறுசுறுப்பாகவும் ஆகிவிடுகிறது. பூமி இழப்பதை நிலவு வாங்கிக்கொண்டு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது.

இந்த நொடிச் செருகல் கணினிகளுக்குப் பெருந்தொல்லை என்பதால் 2035க்குள் வழக்கத்தை நிறுத்தப் போகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கொஞ்சம் தள்ளாடும் பழைய கடிகாரத்துக்காகப் புதியது ஒரு நொடி காத்து நின்ற மரியாதை போகிறது.

ஜூலை 1

மேசை மேலிருந்த கண்ணாடி டம்ளரைப் பூனை தள்ளிவிட்டது. கால் தவறிப் பட்டதல்ல. என்னைப் பார்த்துக்கொண்டே முன்னங்காலால் விரல் விரலாக நகர்த்தியது. விளிம்பைத் தாண்டியதும் தலையை நீட்டிக் கீழே பார்த்தது. டம்ளரின் அடிவட்டம் மட்டும் முழுசாகத் தப்பியது. மற்றதெல்லாம் சில்லு.

இயக்க விதிகளைக் கேட்டால், அந்தச் சில்லுகள் துள்ளி எழுந்து ஒன்றோடொன்று ஒட்டி மேசைக்குத் தாவுவதற்கு அவை தடை சொல்வதில்லை. அவற்றுக்கு முன்னும் பின்னும் ஒன்றே. தடை சொல்வது வெறும் எண்ணிக்கை. கண்ணாடித் துகள்கள் டம்ளராக நிற்க இருக்கும் வழிகள் கொஞ்சம். சிதறிக் கிடக்க இருக்கும் வழிகள் எண்ணி மாளாதவை. லுட்விக் போல்ட்ஸ்மான் கண்டுசொன்னது இது. வியன்னாவில் அவர் கல்லறை மேல் இதைச் சொல்லும் சமன்பாட்டையே பொறித்து வைத்திருக்கிறார்கள்.

நேற்று நினைவிருப்பதும் நாளை நினைவில்லாததும் இதனால்தான். சரி, சிதறுவதுதான் இயல்பு என்றால் சிதறுவதற்கு முதலில் ஒழுங்கு எங்கிருந்து வந்தது? டம்ளருக்கு உலையிலிருந்து. உலைக்கு எரிபொருளிலிருந்து. எரிபொருளுக்குச் சூரியனிலிருந்து. இப்படிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால், பிரபஞ்சம் தொடங்கும்போதே நம்ப முடியாத ஒழுங்கோடு தொடங்கியது என்ற இடத்தில் முட்டிக்கொள்கிறோம். அது ஏன் அப்படித் தொடங்கியது என்பது இயற்பியலின் பெரிய கடன்களில் ஒன்று.

"யார் உடைத்தது?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. 1,380 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய விவகாரம் என்றேன். துடைப்பத்தை என் கையில் கொடுத்தார்கள்.

ஜூலை 3

இந்த வாரம் பூமி சூரியனிலிருந்து ஆண்டிலேயே அதிகத் தொலைவில் இருக்கிறது: சுமார் 15.2 கோடி கி.மீ. ஜனவரியில் 8 நிமிடம் 11 நொடிப் பழசாக வந்த வெயில், இப்போது 8 நிமிடம் 27 நொடிப் பழசு. பழைய சரக்கு என்று திருப்பி அனுப்பவும் வழியில்லை.

ஜூலை 4

புறாக் கதையை எழுதாமல் இந்த நாட்குறிப்பு முழுமை பெறாது.

1964. அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஹோம்டெல் என்ற இடம். ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் இருவரும் கொம்பு வடிவிலான ஒரு பெரிய ஆன்டெனாவில் வானத்து ரேடியோ அலைகளை அளக்க உட்கார்ந்தார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் ஒரே மெல்லிய இரைச்சல். பகலா இரவா, கோடையா குளிரா, எதற்கும் மாறவில்லை. நியூயார்க் நகரத்தின் மீது சந்தேகப்பட்டார்கள், அது காரணமில்லை. கருவியின் இணைப்புகளைத் துருவினார்கள், அங்கேயும் இல்லை. கடைசியில் கொம்புக்குள் ஒரு ஜோடிப் புறா குடும்பம் நடத்துவதும், உட்புறம் வெள்ளையாக எச்சம் படிந்திருப்பதும் கண்ணில் பட்டன. குற்றவாளி அகப்பட்டது என்று புறாக்களைப் பிடித்துத் தொலைவுக்கு அனுப்பினார்கள். புறா ஆயிற்றே, திரும்பி வந்தது. பிறகு சுட்டே விட்டார்கள். எச்சத்தைச் சுரண்டித் துடைத்தார்கள். இரைச்சல் அப்படியே இருந்தது.

பிரபஞ்சம் பிறந்து 3,80,000 ஆண்டுகளில் விடுதலையான ஒளி, விரிந்து விரிந்து ஆறி, இனிக் குளிர வழியில்லாத தனிச்சுழிக்கு மேல் 2.7 பாகைக்கு வந்து நிற்கிறது. அந்த இரைச்சல் இந்த ஒளிதான். அவர்கள் துடைக்க முயன்றது அதை.

வேடிக்கை என்னவென்றால், சுமார் 60 கி.மீ. தள்ளி பிரின்ஸ்டனில் ராபர்ட் டிக்கியின் குழு இதைத் தேடுவதற்கென்றே கருவி கட்டிக்கொண்டிருந்தது. பென்சியாஸிடமிருந்து தொலைபேசி வந்தது. பேசி முடித்த டிக்கி, நம்மை முந்திவிட்டார்கள் என்று சகாக்களிடம் சொன்னார். 1978இல் நோபல் பரிசு பென்சியாஸுக்கும் வில்சனுக்கும் போனது. 1948லேயே இப்படி ஓர் ஆறிய ஒளி இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்த ஆல்ஃபரையும் ஹெர்மனையும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் என் வருத்தமெல்லாம் புறாக்கள் பக்கம்தான். நிரபராதிகள்.

ஜூலை 5

விரியும் பிரபஞ்சத்தைப் பற்றி 1927இல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். கணக்கு சரி, இயற்பியல்தான் சகிக்கவில்லை என்ற பொருளில் ஐன்ஸ்டைன் அவரிடம் முகத்துக்கு நேராகவே சொன்னார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இதிலிருந்து வளர்ந்த பெருவெடிப்புக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது மகிழ்ந்திருக்க வேண்டியவர் லெமேத்ர். அவரோ சங்கடப்பட்டார். அறிவியலுக்கு அந்த வேலையைக் கொடுக்காதீர்கள் என்பது அவர் கட்சி. இரு பக்கமும் கைதட்டல் வாங்க வாய்ப்பிருந்தும் வாங்காத மனிதர். எனக்கு மிகவும் பிடித்தவர்.

ஜூலை 6

அக்கா மகள் வந்திருந்தாள். ஒன்பது வயது.

"மாமா, பெருவெடிப்புக்கு முன்னால் என்ன இருந்தது?"

1,600 ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்தவச் சிந்தனையாளர் புனித அகஸ்டினும் இதே கேள்வியை எதிர்கொண்டார் என்றேன். இப்படிக் கேட்பவர்களுக்காகக் கடவுள் நரகம் தயாரித்துக்கொண்டிருந்தார் என்று அந்தக் காலத்தில் ஒரு கேலிப் பதில் உண்டு. அவர் அதை ஒதுக்கிவிட்டு, உலகத்தோடு சேர்ந்துதான் காலமும் பிறந்தது, ஆகவே முன் என்று ஒன்று இல்லை என்றார். அவள் முகம் தெளியவில்லை. ஹாக்கிங்கைத் துணைக்கு அழைத்தேன்: தென் துருவத்துக்குத் தெற்கே என்ன என்று கேட்பது போல.

கொஞ்சம் யோசித்தாள். "தென் துருவத்தில் நின்றுகொண்டு மேலே பார்க்கலாமே?"

பார்க்கலாம்தான். பார்த்தவர்களும் இருக்கிறார்கள். முந்தைய பிரபஞ்சத்தின் முடிவே இதன் தொடக்கம் என்கிறார் ரோஜர் பென்ரோஸ். சுருங்கிய ஒன்று துள்ளி விரிந்தது என்பது இன்னொரு சாரார். ஓயாமல் குமிழியிடும் பெருவெளியில் நாம் ஒரு குமிழி என்பது மற்றொரு சாரார். எல்லாரிடமும் கணக்கு இருக்கிறது. துடைத்தாலும் போகாத ஓர் இரைச்சல்தான் யாரிடமும் இல்லை.

பேச்சை மாற்ற, அவள் உடம்பிலுள்ள ஹைட்ரஜனின் அணுக்கரு பிரபஞ்சத்தின் முதல் கணங்களிலேயே பிறந்தது, அதற்கு 1,380 கோடி வயது என்றேன். அப்படியானால் அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, போய்த் தூங்கு என்று இனி நான் அதட்ட முடியாது என்றாள். இயற்பியலில் தேடிப் பார்த்தேன், மறுப்பு கிடைக்கவில்லை. அவள் அம்மாவிடம் இருந்தது.