ஊசி ஏறியிருக்கும்போது கேட்காதீர்கள்

ஈரோட்டில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். 4 வருடமாகச் செவ்வாய், வியாழன், சனி, காலை 6 மணி ஷிஃப்டில் டயாலிசிஸ். போன மாதம் ஒரு மருந்து ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்டார்கள். இதயத்துக்கான மாத்திரை. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது.

கேட்ட நேரம்தான் எனக்கு உறுத்தியது. இடது கையில் இரண்டு ஊசியும் ஏறி, மிஷின் ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. எழுந்து போக வழியில்லை. கேட்பவரோ நம் டாக்டர். வேண்டாம் என்று சொன்னால் நாளைக்கு நம்மைக் கவனிப்பது மாறிவிடுமோ என்ற பயம் எங்கள் வார்டில் எல்லோருக்கும் உண்டு, வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். மறுத்தாலும் சிகிச்சை மாறாது என்று படிவத்தில் இருந்தது, 9ஆம் பக்கத்தில். அதை முதல் வரியாகப் போட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறேன் என்றேன். தாராளமாக என்றார்.

சாயங்காலம் என் மனைவிதான் சத்தமாகப் படித்தாள். “நீங்கள் சீரற்ற முறையில் ஒரு குழுவிற்கு ஒதுக்கப்படுவீர்கள்” என்ற வரியில் நின்றுவிட்டாள். “என்னங்க, ஒழுங்கில்லாமக் குடுப்பாங்களாமா?” என்றாள். இல்லை, சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி என்று விளக்கினேன். நாள் முழுக்கத் தமிழ் டைப் அடிக்கிறவன் என்பதால் எனக்குத் தெரிந்தது. ‘சீட்டுக் குலுக்கிப் போட்டு’ என்றே எழுதியிருந்தால் அவள் முகம் அப்படி மாறியிருக்காது. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்பது சட்டம். தமிழ் எழுத்தில் இருந்தால் மட்டும் அது புரியும் மொழி ஆகிவிடாது.

அடுத்த முறை டாக்டரிடம் சில விஷயம் கேட்டேன். தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானின் பட்டியலில் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிறேன், என் முறை பாதிக்குமா? பாதிக்காது. ரத்தம் எவ்வளவு எடுப்பீர்கள்? எனக்கு ஹீமோகுளோபினே 9தான். சில மில்லிதான், அதுவும் டயாலிசிஸ் டியூபிலிருந்தே எடுப்போம், தனியாக ஊசி கிடையாது என்றார். ஆய்வால் உடம்புக்கு ஏதாவது ஆனால்? மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகளின்படி இலவச சிகிச்சை, இழப்பீடும் உண்டு.

ஏற்கெனவே உடம்பு நொந்து கிடக்கிற எங்களிடம் எதற்குச் சோதனை என்றும் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதுதான் என் மனதை மாற்றியது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை மற்றவர்களுக்கு மாரடைப்பைக் குறைக்கிறது. ஜெர்மனியில் சர்க்கரை நோயோடு டயாலிசிஸிலும் இருந்த 1255 பேரை வைத்து அந்த வகை மாத்திரையான அட்டார்வாஸ்டாட்டினைச் சோதித்துப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சொல்லும்படி குறையவில்லை. (அதற்காக யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.) மற்றவர்கள் உடம்பில் பார்த்ததை எங்களுக்கு அப்படியே நம்ப முடியாது. இதய மருந்து ஆய்வுகள் பலவற்றில் எங்களைச் சேர்ப்பதே இல்லையாம்.

பக்கத்துக் கட்டிலில் அந்தியூர்ப் பக்கத்துப் பெரியவர். அவர் மாட்டேன் என்றுவிட்டார். மருந்துக்குப் பயந்து இல்லை. “மாசம் ஒருநாள் அரைமணி நேரம் கூட இருக்கோணுமாமா கண்ணு. பஸ்ஸ உட்டா வெய்யில்ல நிக்கோணும். ஊசி எடுத்த கையோட ஆவுமா?” என்றார். அப்புறம் இன்னொன்று சொன்னார். டயாலிசிஸில் இருப்பவர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும்; ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அவருக்கு. இப்போதே 11 மாத்திரை. இன்னொரு மாத்திரை என்றால் இன்னொரு மடக்குத் தண்ணீர். அந்த மடக்கைக் காபிக்கு வைத்திருக்கிறாராம். டயாலிசிஸில் இல்லாதவர்களுக்கு இது சின்னக் காரணமாகத் தெரியலாம். நாக்கு ஒட்டிக்கொள்கிற மத்தியானத்தில் ஒரு மடக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அவருக்கு ஒரு ஆட்டோவும், சாப்பாட்டோடு விழுங்கலாமா என்பதற்கு ஒரு பதிலும் கிடைத்திருந்தால் சேர்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

நான் கையெழுத்துப் போட்டேன், டயாலிசிஸ் இல்லாத ஒரு புதன்கிழமை, நாற்காலியில் உட்கார்ந்து. ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஆய்வு முடிந்ததும் நல்லதோ கெட்டதோ, முடிவை ஒரு பக்கத்தில் எழுதி வார்டில் இருக்கும் எல்லோருக்கும் கொடுங்கள் சார், தமிழில் டைப் அடித்துத் தர நான் இருக்கிறேன் என்றேன். சரி என்று சொல்லியிருக்கிறார்.