வலிக்கலன்னு விட்ட புண்ணு

எங்க அத்தைக்கு கன்னத்து உள்பக்கம் வந்த புண்ணு கேன்சர்னு தெரியுறதுக்கு ஏழு மாசம் ஆயிடுச்சு. அந்த ஏழு மாசம் எங்க போச்சுன்னு இன்னிக்கும் நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், மனசு ஆறவே மாட்டேங்குது.

மொதல்ல அத்தை அதை யார்கிட்டயும் சொல்லவே இல்ல, ஏன்னா வலிக்கல. சாதாரண வாய்ப்புண்ணுன்னா உப்பு பட்டாலே உயிர் போகும்ல, இது ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது, அங்கதான் ஏமாந்துட்டோம். லேசா எரியுதுன்னு சொன்னப்போகூட உடம்பு சூடு, வயித்துல புண்ணு இருந்தா வாயில வரும்னு நாங்களே முடிவு பண்ணி மணத்தக்காளிக் கீரையும் தேங்காப்பாலும் கொடுத்தோம், மெடிக்கல்ல கேட்டு பி காம்ப்ளெக்ஸும் தடவுற ஜெல்லும் வாங்கினோம், ஜெல் தடவினா எரிச்சல் அடங்கிடும், சரியாயிடுச்சுன்னு அத்தையும் சும்மா இருந்துடுவாங்க.

அப்புறம் பக்கத்து கிளினிக். நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்தாரு, மாத்திரை எழுதினாரு, அவ்ளோதான். புண்ணு இருந்தது கீழ்க் கடவாப்பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவுல, ராத்திரி அத்தை புகையிலையை அதக்கி வச்சுக்கிட்டே தூங்குற அதே எடம், கன்னத்தை ஒதுக்கி டார்ச் அடிச்சாத்தான் தெரியும். புகையிலை போடுவீங்களான்னு அவரும் கேக்கல, கூட மருமக நின்னதால அத்தையும் வாயத் தொறக்கல. வயசான பொம்பளைகிட்ட அந்தக் கேள்வியை யாருங்க கேக்குறா?

இதுக்கு நடுவுல அத்தை ரசம் ஊத்திக்கிறத விட்டுட்டு மோர்சாதமா பெசஞ்சு சாப்பிட ஆரம்பிச்சிருந்தாங்க, அதுவும் சின்னச் சின்ன உருண்டையா. காரம் ஒத்துக்கலன்னு நெனச்சோம். உண்மையில வாயே சரியா தொறக்க முடியல. நம்ம மூணு விரலை ஒண்ணுமேல ஒண்ணா வச்சா வாய்க்குள்ள போகணும், அவங்களுக்கு ரெண்டுகூட போகல. அது பாக்கு மெல்லுறதால வர்ற இறுக்கம், உள்சதை நார்நாரா கெட்டியாயிடும், அதுவே பின்னாடி கேன்சரா மாறலாம். புகையிலை சேக்காம வெறும் பாக்கு போட்டாலும் கேன்சர் வரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே புத்தகமா போட்டிருக்கு, நம்ம வீட்டு விசேஷத்துல இன்னும் தாம்பூலத் தட்டு சுத்திக்கிட்டுதான் இருக்கு.

கடைசியா பல் டாக்டர்தான் பாத்த உடனே பயாப்ஸி எடுக்கணும், அதாவது புண்ணுல துளி சதை வெட்டி டெஸ்ட் பண்ணணும்னு சொன்னாரு. அங்கயும் ரெண்டு மாசம் போச்சு, கத்தி பட்டா பரவிடும்னு சொந்தக்காரங்க பயமுறுத்தினாங்க, அப்படியெல்லாம் பரவாதுன்னு டாக்டர் எடுத்துச் சொல்லியும் நாங்க கேக்கல, பேத்தி சடங்கு முடியட்டும்னு அத்தையும் தள்ளிப்போட்டாங்க.

திருவனந்தபுரம் மாவட்டத்துல 1996ல இருந்து வீடு வீடா போய் வாயைப் பாத்தாங்க, டாக்டருங்ககூட இல்ல, பயிற்சி கொடுத்த ஆளுங்க. புகையிலை, குடிப் பழக்கம் இருக்கவங்கள்ல வாய் கேன்சர் சாவு மூணுல ஒரு பங்கு கொறஞ்சுதுன்னு 2005ல வெளியிட்டாங்க. வெறுமனே வாயைத் தொறக்கச் சொல்லிப் பாத்ததுக்கே அவ்ளோ பலன். ரெண்டு மூணு வாரத்துல ஆறாத புண்ணு, தேய்ச்சாலும் போகாத வெள்ளைத் திட்டு, செவப்புத் திட்டு எது இருந்தாலும் காட்டிடுங்க, வலிக்கலன்னாலும் காட்டுங்க.

அத்தைக்கு ஒரு பக்கத் தாடையை எடுத்துட்டாங்க, கரண்டும், அதான் கதிர்வீச்சு சிகிச்சையும், வச்சாச்சு. பேசுறது எங்களுக்கு மட்டும்தான் புரியும். போன வாரம் அவங்களே என் போன் டார்ச்சை வாங்கி எங்க அம்மா கன்னத்தை விரலால இழுத்துப் புடிச்சு உள்ள பாத்துக்கிட்டு இருந்தாங்க.