பூட்டிக் கிடந்த டிவி ரூமைப் பெரியவர்களுக்காகத் திறந்தோம்

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கு மேற்கே, கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் நெல் விளைகிற சின்ன ஊர். பஸ் நிறுத்தத்தில் பழைய நிழற்குடை ஒன்று இருந்தது. விடிந்தும் விடியாமலும் அதன் சிமெண்டுத் திண்டில் ஏழெட்டுத் தாத்தாமார் உட்கார்ந்துவிடுவார்கள். பஸ் ஏற அல்ல, பேப்பர் வாசிக்க, டீ குடிக்க, யார் ஊருக்கு வந்தார்கள், யார் போனார்கள் என்று பார்க்க. சாலையை அகலப்படுத்தியபோது அதை இடித்துவிட்டு இரும்புக் குழாயில் மூன்று இருக்கை வைத்தார்கள். ஒன்பது மணி வெயிலுக்கே தொட முடியாது, சாய்ந்துகொள்ள முதுகும் கிடையாது. ஒரு மாதத்தில் கூட்டம் கலைந்தது. திண்ணை வைத்த வீடுகள் எல்லாம் கேட் வைத்த வீடுகள் ஆகிவிட்டதால் அவரவர் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்கு உறைத்தது 2023 டிசம்பர் 17, 18 மழையில்தான். தாமிரபரணி கரை புரண்ட அந்த இரவில் ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். கீழத்தெருக் கடைசி வீட்டு ஆச்சி நினைவு யாருக்கும் வரவில்லை. மகன் திருப்பூரில். விடிந்த பிறகுதான் ஒரு பையன் போய்ப் பார்த்தான். முழங்கால் தண்ணீரில் கட்டில் மேல் உட்கார்ந்து, ரேஷன் கார்டையும் பென்ஷன் புத்தகத்தையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். "கூப்பிட்டுப் பாத்தேன், மழையில யாருக்குக் கேக்கும்" என்றாள். அவளுடைய வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாள் அவர் நிழற்குடைக்கு வராவிட்டால், எட்டு மணிக்குள் "என்னவே, ஆளக் காணலையே" என்று யாராவது வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஆள் வராததைக் கவனிக்கிற ஓர் இடம், அதைத்தான் ஊர் தொலைத்திருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர ஒன்றரை வருடம் ஆயிற்று. இதே வேலையைத் தங்கள் ஊரில் எடுக்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

நான் எங்கள் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவள். குழுப் பெண்கள் ஆறு பேர் பொங்கலுக்கு முன்பே நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். தமிழ்நாட்டில் 2021 கணக்குப்படி நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் 60 வயது தாண்டியவர்கள், கேரளாவுக்கு அடுத்தபடி நாம்தான். பிள்ளைகள் எல்லாம் சென்னை, திருப்பூர், வளைகுடா என்று போய்விட்ட எங்கள் பக்கத்து ஊர்களில் தெருவில் நடந்தாலே அது கண்ணுக்குத் தெரியும். முதல் இரண்டு நாள் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டோம். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "எனக்கென்னட்டி கொற, நல்லாத்தான் இருக்கேன்." பிள்ளைகளைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கேள்வியை மாற்றினோம். முன்னால் எங்கே எல்லாம் போவீங்க, இப்போ எங்கே போறதை விட்டுட்டீங்க, எதனால்? அப்புறம்தான் வந்து கொட்டியது. கோயில் படி ஏற முடியவில்லை. தெருநாய். கால் வலித்தால் நடுவில் உட்கார இடம் இல்லை. பெண்கள் அதிகம் சொன்னது ஒன்றுதான், அதுவும் குரலைத் தாழ்த்தி: "ஒண்ணுக்குப் போக எடமில்ல." பிரஷர் மாத்திரை சிலது சிறுநீரை அடிக்கடி வரவைக்கும், சர்க்கரை இருந்தால் கேட்கவே வேண்டாம். வெளியே கிளம்புகிற அன்றைக்குக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்த பெரியம்மாமார் எத்தனையோ பேர்.

அடுத்தது இடம். கோயில் மண்டபம் தருவதாக ஒருவர் சொன்னார், இன்னொருவர் தன் சமுதாயக் கூடத்தைத் தருவதாகச் சொன்னார். இரண்டும் நல்ல மனதோடு வந்த பேச்சு. ஆனால் நம் பக்கத்தில் இடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதிலேயே யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பது முடிந்துபோகும். இதைப் பேசாமல் மழுப்பினால் கட்டடம் வரும், பாதி ஊர் வராது. அதனால் எல்லாத் தெருவுக்கும் பொதுவான ஓர் இடம்தான் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தோம். மெயின் ரோட்டை ஒட்டி, ரேஷன் கடைக்குப் பக்கத்தில் ஊராட்சியின் டிவி ரூம் பூட்டிக் கிடந்தது. ஊருக்கு ஒரு டிவி என்று இருந்த காலத்தில் கட்டியது. 2006க்கு அப்புறம் அரசே வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்ததும் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. உள்ளே உடைந்த தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர் மூட்டை, ஒரு பழைய ஓட்டுப் பெட்டி. எல்லாரும் ரேஷனுக்கு வருகிற வழி என்பதால் "அங்க எதுக்குப் போற" என்று யாரும் யாரையும் கேட்க முடியாது. அதுதான் அந்த இடத்தின் பெரிய பலம்.

2024 ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். "முதியோர் நலனுக்காக இடம் ஒதுக்கித் தர" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டோம். எந்தக் கட்டடம், யார் பொறுப்பு, கரண்ட் பில் யார் கட்டுவது என்று எதுவும் இல்லை என்று ஓர் அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். திருத்தி எழுதுவதற்குள் மார்ச் 16ல் பாராளுமன்றத் தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டது, ஜூன் வரை புது வேலைக்குக் கையெழுத்து விழாது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் மறுபடியும் போட்டோம். இந்த முறை கட்டடம் இருக்கிற இடம், நீள அகலம், சொத்து ஊராட்சிக்கே சொந்தம், அன்றாடப் பராமரிப்பு மகளிர் குழு, மின்கட்டணம் ஊராட்சி, தண்ணீர் இணைப்பு ஊராட்சி என்று வரி வரியாக எழுதி, தீர்மான நகலைக் கையோடு வாங்கிக்கொண்டோம். நகல் இல்லாமல் எங்கேயும் போகாதீர்கள். தலைவரும் செயலரும் ஒத்துழைத்தார்கள். நடுவில் ஒரு திங்கட்கிழமை பாளையங்கோட்டை பஸ் பிடித்துப்போய்க் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். அந்த ரசீது எண் வந்த பிறகு கோப்பு கொஞ்சம் வேகமாக நகர்ந்தது. பெயிண்ட், ஓட்டை அடைப்பு எல்லாம் ஊராட்சி செய்தது, மற்றதற்கு ஊரில் பிரித்தோம், வெளியூரில் இருக்கிற பிள்ளைகளும் அனுப்பினார்கள்.

சாய்தளம் போட்ட கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். ரூமின் தரை ரோட்டிலிருந்து ஒன்றரை அடி உயரம். விதிப்படி ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அப்படியென்றால் பதினெட்டு அடி. முன்னால் இருந்த இடமோ பத்தடி. கொத்தனார் அண்ணாச்சி, "ஆறடி போதும்மா, எல்லா எடத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கோம்" என்றார். அவருடன் வாதம் செய்யாமல், வாக்கர் பிடித்து நடக்கிற மேலத்தெருத் தாத்தாவை ஆட்டோவில் ஏற்றி, அப்படி ஆறடியில் போட்டிருந்த ஓர் இடத்துக்கு இரண்டு பேரையும் கூட்டிப்போனேன். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கத் தாத்தா எப்படியோ ஏறிவிட்டார். இறங்கும்போது வாக்கர் முன்னால் ஓட, அவருக்குக் கை நடுங்கிவிட்டது. "ஏறுறதுகூடப் பரவால்லய்யா, எறங்கயிலதான் நெஞ்சு அடிக்கி" என்றார். கொத்தனார் அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பதடி போய், நடுவில் நாலடிக்குச் சமதளம், அங்கே திரும்பி மறுபடியும் ஒன்பதடி என்று சுவரை ஒட்டி மடக்கிப் போட்டார். இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய். மேலே வழுவழு டைல்ஸ் வேண்டாம் என்று கார் நிறுத்துகிற இடத்தில் ஒட்டுகிற சொரசொரப்பான டைல்ஸை அவரே தேடி வாங்கி வந்தார். மழை பெய்த மறுநாள் தானே வெறுங்காலோடு நடந்து பார்த்தார்.

கழிப்பறை முதல் திட்டத்தில் கிடையாது. வீடு பக்கத்துலதானே என்றார்கள். அந்த நோட்டைத் திறந்து பெண்கள் சொன்னதை வாசித்துக் காட்டியதும் சம்மதித்தார்கள். உட்கார்ந்து எழுகிற மாதிரி வெஸ்டர்ன் கோப்பை, இரண்டு பக்கமும் பிடி. கதவு கட்டாயம் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கிற கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நெம்பித் திறக்கிற வகை. நாற்காலி கைப்பிடி வைத்ததாகத்தான் வாங்கினோம், கை ஊன்றினால்தான் முட்டுவலிக்காரர்களால் எழுந்திருக்க முடியும்.

திறந்தது ஜூன் மாதத்தில், குற்றாலத்துச் சாரல் காற்று எங்கள் ஊர்வரைக்கும் வீசுகிற நாளில். முதல் வாரமே ஆண்கள் நிறைந்துவிட்டார்கள். பெண்கள் நாலு பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அது பெரிய வருத்தமாக இருந்தது, யாருக்காக இத்தனை பாடு பட்டோம் என்று. கீழத்தெரு ஆச்சியிடமே போய்க் கேட்டேன். "சும்மா போயி உக்காந்தா ஊரு என்ன சொல்லும்? கையில சோலி இல்லாம பொம்பள எங்க போயி இருக்க?" என்றாள். எழுபது வயதிலும் பீடி சுற்றுகிறவள். அவள் பீடி சுற்றுகிற சுளகை, அதாவது முறத்தை, தூக்கிக்கொண்டு வந்தால்தான் அது அவளுக்கு இடம். ஆனால் புகையிலைத் தூள் உள்ளே பறந்தால் இளைப்புக்காரத் தாத்தாக்களுக்கு ஆகாது. அதனால் மேற்குப் பக்கம் வேப்பமரத்தடியில் தகரக் கூரை இறக்கி, முதுகு சாய்கிற மாதிரிச் சுவர் வைத்து ஒரு திண்ணை கட்டினோம். சின்ன நாற்காலி உயரத்துக்கு, கால் தொங்கவிடாமல் ஊன்றுகிற மாதிரி. இப்போது அங்கே காலையில் பத்துப் பதினைந்து பேர். இலை வெட்டுகிறவர்கள், கத்தரிக்காய் அரிகிறவர்கள், பேரனுக்கு முறுக்குச் சுற்ற மாவு சலிக்கிறவர்கள். வேலை முடிந்ததும் சுளகை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து தாயம் போடுகிறார்கள்.

நிகழ்ச்சிகள் என்று நாங்கள் யோசித்ததில் பாதி நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்து யோகா இரண்டே நாள். டிவி மாட்டலாம் என்றதற்கு அவர்களே வேண்டாம் என்றார்கள், டிவி இருந்தால் பேச்சு இருக்காதாம். நின்றது எல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்த அலைச்சலைக் குறைத்தவைதான். முதியோர் உதவித்தொகை கொண்டுவருகிற வங்கி முகவர் மரத்தடிக்கு மரத்தடி அலைவார், இப்போது இங்கேயே உட்கார்ந்து கொடுக்கிறார். பீடி சுற்றிச் சுற்றி ரேகை தேய்ந்தவர்களுக்கு மிஷினில் விரல் விழாது. முதலில் என்றால் "நாளைக்கு வாங்க"தான். இங்கே வெந்நீரில் கையைக் கழுவி, துடைத்து, பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பொறுமையாக வைத்துப் பார்க்க நேரம் இருக்கிறது. பி.எப். பென்ஷன் வாங்குகிற பீடித் தொழிலாளிகள் வருடத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். ரேகை விழாதவர்களுக்கு முகத்தைக் காட்டியே போனில் பதிகிற வசதி சில வருடங்களுக்கு முன்பே வந்துவிட்டது, குழுவில் ஒரு பெண் அதைக் கற்றுக்கொண்டு எல்லாருக்கும் செய்து கொடுக்கிறாள். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவருகிற தங்கச்சி, வீட்டுக்குப் போவதோடு மாதம் ஒருநாள் இங்கே வந்து பிரஷர் பார்க்கிறாள். அதே திட்டத்தில் வருகிற பிசியோதெரபி மேடம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்கச் சொல்லிக்கொடுத்தார், அது தினமும் நடக்கிறது. திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1988லிருந்து இருக்கிறது, ஆனாலும் துணைக்கு ஆள் இல்லாமல் கண்புரையோடு இருந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. இப்போது மூன்று பேர் சேர்ந்து போகிறார்கள், ஒருவருக்கு ஒருவர் துணை. 14567 என்ற முதியோர் உதவி எண்ணைச் சுவரில் கையகலத்துக்கு எழுதிவைத்திருக்கிறோம்.

சாவி முதலில் ஊராட்சி அலுவலகத்தில் இருந்தது. அலுவலகம் திறக்கப் பத்து மணி, பெரியவர்கள் வருவது ஆறு மணி, கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். தலைவரிடம் பேசிச் சாவியை வாக்கர் தாத்தாவிடமே கொடுத்தோம். ஐந்தே முக்காலுக்குத் திறந்துவிடுகிறார்.

அவரிடம் ஒரு நோட்டும் இருக்கிறது. வழக்கமாக வருகிறவர்கள் பெயர் வரிசையாக இருக்கும், வந்தால் ஒரு டிக். ஒன்பது மணிக்கு டிக் விழாத பெயர் இருந்தால் யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மழைநாளில் கீழத்தெரு ஆச்சிக்கு டிக் விழவில்லை. போய்ப் பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டில் கேட்டு, வாய்க்கால்வரை போய்த் தேடி, மகனுக்குப் போன் போட்டு, பதினோரு மணிக்குத்தான் தெரிந்தது முக்கூடலில் மகள் வீட்டுக்கு முதல் பஸ்ஸில் போயிருக்கிறாள் என்று. மறுநாள் வந்தவளை ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். அவள் கோபப்படவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள், முகம் அப்படி மலர்ந்திருந்தது. அப்புறம் சுளகைக் கீழே வைத்துவிட்டுத் தாத்தாவிடம் போனாள். "தீவாளிக்கு மவன் வரச் சொல்லியிருக்கான், திருப்பூருக்கு. அஞ்சு நாளு ஆவும். இப்பமே நோட்டுல எழுதிக்கிடுங்க" என்றாள்.