மரவள்ளி அவியும்போது மூடி போடாதே

ஞாயிறு காலை வெள்ளவத்தைச் சந்தையில் இரண்டு கிலோ மரவள்ளி வாங்கினேன். ஒன்றை முறித்துக் காட்டச் சொல்லிப் பார்த்துத்தான் வாங்கினேன். உள்ளே கருநீலக் கோடு ஓடாமல் பால் வெள்ளையாக இருந்தது. பழசான கிழங்கென்றால் அம்மா கையில் எடுத்த உடனேயே சொல்லிவிடுவார்.

வீட்டுக்கு வந்தால் குசினி மேசையில் அண்ணாவின் மகள் கொப்பி விரித்து உட்கார்ந்திருந்தாள். பத்தாம் தரம் படிக்கிறாள், அடுத்த நாள் வரலாற்றுச் சோதனை.

"மாமி, கொழும்பு எண்ட பேர் கொலம்பஸிட்ட இருந்து வந்ததோ?"

சின்ன வயதில் எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. இல்லையம்மா என்றேன். மொரோக்கோவிலிருந்து வந்த பயணி இபின் பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தபோதே இந்த ஊரைக் கலன்பு என்று எழுதி வைத்திருக்கிறார். கொலம்பஸ் பிறந்ததே 1451இல். ஊர்ப்பேரில் அவருக்குப் பங்கில்லை. ஆனால் நான் தோலுரிக்கிற இந்தக் கிழங்கும், சம்பலுக்கு அம்மா இடிக்கிற செத்தல் மிளகாயும் அவர் திறந்துவிட்ட கடல்வழியில்தான் உலகம் சுற்றி நம் வீட்டுக்கு வந்தன.

அவளுடைய கொப்பியை எட்டிப் பார்த்தேன். '1492 – கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தார்.' ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே அடுத்த தலைப்பு. எனக்கு மனம் பொறுக்கவில்லை. வீடு நிறையச் சனம் இருக்கிறது, அடுப்பில் உலை கொதிக்கிறது, யாரோ ஒருவர் வந்து படலையில் நிற்கிறார். அவர் அந்த வீட்டைக் கண்டுபிடித்தார் என்று யாராவது எழுதுவார்களா?

1492 ஒக்டோபர் 12 அன்று கொலம்பஸ் கரையேறிய கரிபியன் பக்கத்துத் தீவுகளில் இருந்தவர்கள் தாயீனோ மக்கள். மண்ணைக் குவியல் குவியலாக மேடு கட்டி அதில் மரவள்ளித் தடிகளை நட்டவர்கள். அவர்களுடைய பெரிய தெய்வத்தின் பெயர் யூக்காஹு. யூக்கா என்றால் மரவள்ளி. கிழங்கின் பெயரிலேயே கடவுள் வைத்திருந்தார்கள் என்றால் அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்க வேண்டும், பாருங்கள்.

அது நஞ்சுக் கிழங்கு. இதைத்தான் நான் அடிக்கடி யோசிப்பேன். கசப்பு மரவள்ளியைப் பச்சையாகத் தின்றால் ஆளையே கொல்லும், அதில் சயனைட் இருக்கிறது. தாயீனோப் பெண்கள் அதைக் கல் பதித்த பலகையில் துருவி, ஓலையில் பின்னிய நீண்ட குழாய்க்குள் அடைத்து இழுத்துப் பிழிந்து, சாறு போன மாவை வட்டமான மண் தட்டில் ரொட்டியாகச் சுட்டார்கள். கசாபே என்று அதற்குப் பெயர். பிழிந்த சாற்றையும் வீணாக்காமல் நன்றாகக் கொதிக்க வைத்து நஞ்சை முறித்துச் சமையலுக்கு எடுத்தார்கள். இதைக் கண்டறிய எத்தனை தலைமுறை பிடித்திருக்கும்? எத்தனை பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு செத்திருப்பார்கள்? கண்டுபிடிப்பு என்ற சொல்லை நான் இதற்குத்தான் கொடுப்பேன்.

அம்மா அடுப்படியில் நின்றபடியே, "மூடி போடாதை பிள்ளை, நஞ்சு ஆவியோட போகோணும்" என்றார். மரவள்ளி அவிக்கும்போதெல்லாம் இதைச் சொல்வார். இஞ்சி கலந்த எதையும் அதோடு சாப்பிட விடமாட்டார். அவருக்கு அம்மம்மா சொன்னது. அம்மம்மாவுக்கு யார் சொன்னதோ தெரியாது. பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் தென் அமெரிக்காவில் ஏதோ ஓர் ஆற்றங்கரைக் குடிசையில், பெயர் தெரியாத ஒரு பெண்ணிடம் போய் நிற்போம் என்று நினைக்கிறேன்.

அந்தச் சனத்துக்கு என்ன நடந்தது என்று மருமகள் கேட்டாள். சொன்னேன்.

1493இல் கொலம்பஸ் 17 கப்பல்களோடு திரும்பி வந்தார். ஹிஸ்பானியோலா தீவில், இன்றைய ஹெயிட்டியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கிற இடத்தில், ஸ்பானியர்கள் தங்கத் திறை போட்டார்கள். தங்கம் கிடைக்கும் பகுதியில் 14 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வேட்டைப் பருந்தின் காலில் கட்டுகிற சிறு மணி நிறையத் தங்கத்தூள் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு அடையாளமாகக் கழுத்தில் ஒரு வில்லை. அவ்வளவு தங்கம் அந்த ஆறுகளில் இல்லை. பொறுக்க முடியாமல் அவர்கள் மரவள்ளி நடுவதையே நிறுத்தினார்கள். உணவில்லாவிட்டால் வந்தவர்கள் போய்விடுவார்கள் என்று நம்பினார்கள். வந்தவர்கள் போகவில்லை. பட்டினியில் விழுந்தவர்கள் நட்டவர்கள்தான். சிலர் கிழங்கின் நஞ்சுச் சாற்றையே குடித்து உயிரை விட்டார்கள் என்று அந்தக் காலத்து ஸ்பானியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தடுமாறியது, கையில் பாதி உரித்த கிழங்கு.

1511இல் சாந்தோ தொமிங்கோவில் மொந்தேசினோஸ் என்ற பாதிரியார் பிரசங்க மேடையில் நின்று, இவர்கள் மனிதர் இல்லையா என்று தன் ஆட்களையே பார்த்துக் கேட்டார். பிரசங்கம் கேட்டவர்களுக்குக் கோபம்தான் வந்தது. 1514இல் அந்தத் தீவில் எடுத்த கணக்கில் மிஞ்சியிருந்த தாயீனோக்கள் சுமார் 26,000 பேர். 1518 கடைசியில் பெரியம்மை வந்தது. ஆள் குறையக் குறைய ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அந்த வியாபாரம் முடிவதற்குள் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள்.

இன்னொன்று. கசாபே ரொட்டி மாதக்கணக்கில் பழுதாகாது. 1519இல் ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸ் கியூபாவிலிருந்து மெக்சிகோவைப் பிடிக்கப் புறப்பட்டபோது கப்பலில் ஏற்றிய சாப்பாட்டில் அதுவும் இருந்தது. ஒரு சனத்தை அழித்து, அந்தச் சனம் கற்றுக்கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டு அடுத்த சனத்திடம் போனார்கள்.

இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை. 1494இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் தோர்தேசிலாஸ் என்ற ஸ்பானிய ஊரில் உட்கார்ந்து கடலில் ஒரு கோடு கிழித்து உலகத்தைப் பங்கு போட்டன. நாம் போர்த்துக்கேயர் பக்கம் விழுந்தோம். 1500இல் போர்த்துக்கேயத் தளபதி கப்ரால் பிரேசில் கரையில் இறங்கியது கள்ளிக்கோட்டைக்குப் போகிற வழியில்தான். 1505இல் அதே கொடி இலங்கைக் கரையில். கஜு, அன்னாசி, மிளகாய் என்று வந்த சாமான்களோடு சொற்களும் வந்தன. கஜுவும் அன்னாசியும் பிரேசில் பக்கத்துப் பூர்வகுடிகளின் வாயிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்த பெயர்கள். சிங்களத்தில் மரவள்ளியை மஞ்ஞொக்கா என்று சொல்வதும் அந்தப் பூர்வகுடிகளின் சொல்லிலிருந்து வந்ததுதான். அரிக்கன் லாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலத்தில் அம்மா அதைக் கொளுத்தி வைத்துத்தான் எங்களைப் படிப்பித்தார். ஹரிக்கேன் என்ற அந்தச் சொல் தாயீனோ மக்கள் புயலுக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது.

2022இல் கொழும்பில் காஸும் இல்லை, அரிசி விலையும் ஏறிப் போன நேரத்தில் எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டுக்காரர் மதிலோரம் மரவள்ளித் தடி நட்டார்கள். அம்மாவுக்கு அது புதிதில்லை. எழுபதுகளில் பாண் வரிசைக் காலத்தில் தன் வீட்டிலும் இதுதான் சோறு என்பார். எங்களைத் திரும்பத் திரும்பக் காப்பாற்றிய கிழங்கு இது. அதை வளர்த்தெடுத்தவர்களின் பெயர் என் மருமகளின் கொப்பியில் இல்லை என்பதுதான் அன்று முழுக்க என்னை அரித்தது.

மத்தியானம் அவித்த மரவள்ளியும் கட்டைச் சம்பலும். அதுவரை பேசாமல் இருந்த அம்மா கேட்டார்.

"அந்தச் சனம் இப்ப ஒருத்தரும் இல்லையோ?"

இருக்கிறார்கள் என்றேன். புவேர்ட்டோ ரிக்கோவில் எத்தனையோ பேருடைய தாய்வழி மரபணுவில் இருக்கிறார்கள். கியூபா, ஹெயிட்டி, டொமினிக்கன் பக்கமெல்லாம் இன்றும் கசாபே சுடுகிறார்கள், 2024இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபாகப் பதிந்தது.

"அவையளும் மூடாமத்தான் அவிப்பினமோ?"

"துருவிப் பிழிஞ்சு சுடுவினம் அம்மா."

"எங்களுக்கு ஏலாது, அது பெரிய வேலை" என்றபடி அம்மா மிஞ்சிய கிழங்கை இரவுக்குத் தாளிக்க எடுத்து வைத்தார். மருமகள் கொப்பியைத் திறந்து, அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் தாயீனோ என்று எழுதி, எழுத்து சரியா என்று என்னிடம் காட்டினாள்.